வேடந்தாங்கலின் ஆறு பெரும்பொழுதுகள்: மருதநில ஏரியில் பறவைகளின் ஆண்டு வட்டம்

ஆய்வுச் சுருக்கம்

தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, பாலை ஆகியவற்றுக்குப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் வகுத்துரைக்கிறது. மருதத்திற்கும் நெய்தலுக்கும் சிறுபொழுது மட்டுமே கூறப்படுகிறது. ஆறு பெரும்பொழுதுகளும் இவ்விரு நிலங்களுக்கும் பொது என்பது உரைமரபு. செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் ஆண்டு நிகழ்வுகளை இப்பகுப்பின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. ஏரி நிறைதல், கூடு கட்டுதல், குஞ்சு வளர்தல், வலசை திரும்புதல், ஏரி வற்றுதல் ஆகியவை பெரும்பொழுதுகளோடு பொருந்துகின்றன. பறவைகளின் வாழ்வு சரணாலய எல்லைக்குள் அடங்குவதன்று. அது சுற்றியுள்ள வயல்களையும் ஏரித் தொடர்களையும் சார்ந்தது என்பதும் இதனால் புலப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெரும்பொழுது, சிறுபொழுது, மருதம், கருப்பொருள், வேடந்தாங்கல், வலசை, ஏரிப்பாசனம்

முன்னுரை

அகத்திணை மரபில் முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள் வைத்து எண்ணப்படுகிறது. புள்ளை நிலத்தோடு சேர்த்துக் காணும் ஆய்வுகள் தமிழில் பல வந்துள்ளன. சங்க இலக்கியப் பறவைகளை இன்றைய இனப்பெயர்களோடு ஒப்பிட்டு அறிய முயன்ற பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இத்துறையில் முன்னோடி நூலாகும். தமிழ்ப் பறவைப் பெயர்களைத் தொகுத்த க. ரத்னத்தின் பணியும் குறிப்பிடத்தக்கது. எனினும் இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை ‘இப்பறவை எது’ என்னும் வினாவையே முதன்மையாகக் கொண்டன. ‘இப்பறவை எப்பொழுது இங்கே இருக்கும், ஏன் அப்பொழுது இருக்கும்’ என்னும் வினா பொழுது பற்றிய வினா. அதற்கு விடை காண ஒரு நீர்நிலையை ஆண்டு முழுவதும் பின்தொடர வேண்டும்.

அதற்கு ஏற்ற களம் வேடந்தாங்கல். தண்டலம், திருப்பெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் நெருங்கி அமைந்துள்ள நிலப்பகுதிக்குத் தெற்கே இவ்வூர் உள்ளது. இரண்டும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன நிலங்களே. ஒன்று சரணாலயமாகவும் மற்றொன்று தொழில் வழித்தடமாகவும் இன்று பெயர் பெற்றிருப்பினும், மழையும் ஏரியும் வயலும் இணைந்த ஒரே நில அமைப்பின் இரு பகுதிகளாகவே இவற்றைக் கருத வேண்டும்.

வேடந்தாங்கல்: பெயரும் வரலாறும்

வேடந்தாங்கல் என்பதற்கு ‘வேடர்களின் சிற்றூர்’ எனப் பொருள் கூறுவது பரவலான வழக்கம். ஆயினும் ‘தாங்கல்’ என்னும் சொல் வடதமிழகத்தில் ஏரியை, குறிப்பாகச் சிறிய ஏரியைக் குறிக்கும். பழவந்தாங்கல் முதலான ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நிற்கிறது. எனவே ‘வேடனது ஏரி’ என்று கொள்வதே சொல்லமைப்புக்குப் பொருந்தும். சிற்றூர் என்னும் விளக்கத்தில் மறைந்துபோகும் நீர் இப்பொருளில் முன்னிற்கிறது.

ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடைய இவ்வேரியின் பாதுகாப்பு ஊர்மக்களிடமிருந்து தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர்கள் இங்குப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்து வடிவில் வழங்கினார். அவ்வுரிமை 1858இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936இல் அரசு இதனைச் சரணாலயமாக ஏற்றது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அருகிலுள்ள கரிக்கிலியோடு சேர்ந்து வேடந்தாங்கலும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

ஊரார் பறவைகளைக் காத்ததற்கு அருள் உணர்வு மட்டும் காரணமன்று. மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலக்கிறது. அந்நீர் மதகுவழி வயலில் பாயும்போது தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிருக்குக் கிடைக்கின்றன. பறவை, நீர், நெல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் இவ்வுறவே இச்சரணாலயத்தின் அடிப்படை.

கூடுகட்ட வருவனவும் குளிர் கழிக்க வருவனவும்

வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் அனைத்தும் சைபீரியா முதலிய தொலைநாடுகளிலிருந்து வந்து, இங்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து மீள்கின்றன என்னும் கருத்து பொதுமக்களிடையே வேரூன்றியுள்ளது. இது திருத்தப்பட வேண்டியது. இங்குக் காணும் நீர்ப்பறவைகள் இருவகையின.

முதல் வகையினவே எண்ணிக்கையில் மிகுதி. நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, சாம்பல் நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகங்கள், கொக்கு வகைகள் ஆகியவை இதில் அடங்கும். இவை இந்தியத் துணைக்கண்டத்துக்கு உள்ளேயே நீரையும் இரையையும் தேடி இடம் மாறுவன. வேடந்தாங்கலில் கூடு கட்டுவன இவையே.

இரண்டாம் வகையின வட ஆசியாவிலும் அதற்கு அப்பாலும் இனம்பெருக்கிவிட்டு, அங்குக் குளிர் மிகும்போது தெற்கே வருவன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் முதலிய வாத்துகளும் பல உள்ளான் வகைகளும் இத்தகையன. இவை இங்குக் கூடு கட்டுவதில்லை. உண்டு, ஓய்ந்து, பயணத்துக்குரிய கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மீள்கின்றன. வடக்கும் தெற்குமான இப்பெயர்ச்சியைத் தமிழ் மரபு நன்கு அறிந்திருந்தது. குமரியில் இரை உண்டு வடமலை நோக்கிச் செல்லும் அன்னத்தை விளித்துப் பிசிராந்தையார் பாடிய பாடல் புறநானூற்றில் 67ஆம் பாடலாக உள்ளது. தென்திசைக் குமரி ஆடி வடதிசைக்கு மீளும் செங்கால் நாரையிடம் சத்திமுத்தப் புலவர் தூது விடுத்த தனிப்பாடலும் நன்கறியப்பட்டது. இரு பாடல்களிலும் பறவை தெற்கில் கூடு கட்டுவதாக அன்றி, தெற்குக்கு வந்து வடக்குக்கு மீள்வதாகவே சித்திரிக்கப்படுவது கருதத்தக்கது.

பெரும்பொழுதுகளில் பறவைகளின் இயக்கம்

1. கார் (ஆவணி, புரட்டாசி)

ஞாயிற்றுக்குரிய சிங்க ஓரை தொடங்கி ஆண்டினை எண்ணும் முறையை நச்சினார்க்கினியர் காட்டுவார். அம்முறைப்படி ஆவணியில் தொடங்கும் காரே ஆண்டின் முதற்பொழுது. வேடந்தாங்கலின் ஆண்டும் இங்கிருந்தே தொடங்குகிறது. வடதமிழகத்தில் இம்மாதங்களில் மாலையிலும் இரவிலும் இடியுடன் கூடிய மழை பெய்யும். அது ஏரியை நிரப்பப் போதாதாயினும், வறண்ட மண்ணை நனைத்துத் தாழ்வான இடங்களில் நீரைத் தேக்கும். வலசை வாத்துகளுள் நீலச்சிறகி முந்தி வருவது. உள்ளான்களும் இக்காலத்திலேயே தமிழகத்துச் சேற்று நிலங்களை அடையத் தொடங்குகின்றன. கூடுகட்டும் பறவைகள் இன்னும் ஏரியில் குடியேறுவதில்லை. சம்பா நடவு நடக்கும் வயல்கள் கொக்குகளுக்கு இரைக்களம் ஆகின்றன.

2. கூதிர் (ஐப்பசி, கார்த்திகை)

வடகிழக்குப் பருவமழை இயல்பாக அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டித் தொடங்குகிறது. இம்மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இப்பொழுதில்தான் கிடைக்கிறது. ஏரி நிறைகிறது; ஏரியினுள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களின் அடிப்பகுதி நீரில் மூழ்குகிறது. பறவைகள் கூடு கட்டுவதற்கான குறிப்பு இதுவே. மரத்தைச் சூழ்ந்த நீர் காட்டுப்பூனை, கீரி, நரி முதலியவை கூட்டினை அணுகாதவாறு காக்கும் அரணாகிறது. கோட்டையைச் சூழ்ந்த அகழியின் பணியை இங்கு ஏரிநீர் செய்கிறது.

முதலில் குடியேறுவனவற்றுள் நத்தைக்குத்தி நாரை குறிப்பிடத்தக்கது. இதன் இரு அலகுகளும் இடையில் பொருந்தாமல் சிறு இடைவெளி விட்டிருக்கும். நீரிலும் நெல்வயலிலும் வாழும் நத்தையின் தசையை ஓட்டினின்று பிரித்தெடுக்க இவ்வலகு உதவுகிறது. மழைக்குப் பின் வயல்களில் நத்தை பெருகும் காலமும் இந்நாரை குஞ்சு வளர்க்கும் காலமும் ஒன்றாகின்றன. வக்கா, நீர்க்காகம், கொக்கு ஆகியவையும் இப்பொழுதில் கூடு கட்டுகின்றன. கூதிர் மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் வருவது மிகக் குறைகிறது; வந்தவையும் கூடு கட்டாமல் நீங்குகின்றன. ஆகவே பறவைகளின் வரவு மழையைச் சார்ந்ததேயன்றி நாட்காட்டியைச் சார்ந்ததன்று.

3. முன்பனி (மார்கழி, தை)

ஏரியில் பறவைகள் மிகுதியாகக் காணப்படும் பொழுது இது. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் முதலியவற்றின் கூடுகள் ஒரே மரத்தில் அடுக்கடுக்காக அமைகின்றன. இத்தனை இனங்கள் ஓரிடத்தில் போட்டியின்றி வாழ்வதற்குரிய காரணத்தைத் தமிழ்ப் பெயர்களே உணர்த்துகின்றன. கரண்டிவாயன் தட்டையான அலகை ஆழமற்ற நீரில் இடமும் வலமும் வீசி இரை தேடும். அரிவாள்மூக்கன் வளைந்த அலகால் சேற்றைத் துழாவும். பாம்புத்தாரா நீரில் மூழ்கி மீனைக் குத்திப் பிடிக்கும். அதன் கழுத்து மட்டும் நீர்மேல் தெரிவதால் அப்பெயர் பெற்றது. கூழைக்கடா அலகின் கீழுள்ள பையால் மீனை அள்ளும். அலகின் வடிவாலும் உணவாலும் அமைந்த இப்பெயர்கள், ஒவ்வொரு பறவையும் நீரின் எப்பகுதியில் எவ்வாறு இரை கொள்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கியவர்கள் இட்டவை.

மஞ்சள்மூக்கு நாரையின் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதமும், குஞ்சு பறக்கத் தொடங்க மேலும் இரண்டு மாதங்களும் ஆகும். மார்கழியில் இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சு பங்குனியை ஒட்டியே பறக்கும். எனவே மரத்தடியில் நீர் நிற்க வேண்டிய காலம் முன்பனியோடு முடிவதில்லை.

4. பின்பனி (மாசி, பங்குனி)

பகல் வெப்பம் ஏறுகிறது, ஏரிநீர் இறங்குகிறது. நீர் குறைவது இரை குறைவதாகாது. பரந்து கிடந்த மீன்கள் சுருங்கிய நீர்ப்பரப்பில் செறிவதால், ஆழமற்ற நீரில் நின்று மீன் பிடிக்கும் நாரைகளுக்கு இரை எளிதாகிறது. குஞ்சுகளின் உணவுத் தேவை உச்சத்தை அடையும் காலமும் இதுவே. உச்சி வெயிலில் தாய்நாரையோ தந்தைநாரையோ சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் செய்வதை இப்பொழுதில் காணலாம். வாத்துகளும் உள்ளான்களும் பங்குனிக்குள் பெரும்பாலும் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. இலக்கியத்தில் பின்பனி பாலைக்குரிய பொழுதாகவும் பிரிவுக்குரிய பொழுதாகவும் அமைகிறது. ஏரியிலும் இது பிரிவு தொடங்கும் பொழுதாகவே உள்ளது.

5. இளவேனில் (சித்திரை, வைகாசி)

இளம்பறவைகள் பெற்றோரோடு ஏரியை விட்டு நீங்குகின்றன. கூடுகள் வெறுமையாகின்றன. நீர் எஞ்சிய பள்ளங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் சில காலம் தங்கும். பொதுப் பார்வையாளர்க்கு இத்துடன் ‘பருவம்’ முடிகிறது. பறவைகளுக்கு இது சிதறி வாழும் காலம். ஆண்டு முழுவதும் நீர் தங்கும் பெரிய ஏரிகள், ஆற்றுக் கழிமுகங்கள், சொர்ணவாரி பயிரிடும் வயல்கள் ஆகியவற்றை அவை நாடுகின்றன.

6. முதுவேனில் (ஆனி, ஆடி)

ஏரி முற்றும் வற்றித் தரை வெடிக்கும் பொழுது. சரணாலயத்தில் காண ஒன்றுமில்லை எனக் கருதப்படும் இம்மாதங்களும் ஆண்டு வட்டத்தின் இன்றியமையாப் பகுதியே. எச்சம் படிந்த ஏரிமண் காற்றோட்டம் பெறுகிறது. பறவைகளின் பாரத்தாலும் எச்சத்தாலும் கருகிய மரங்கள் மீண்டும் தழைக்கின்றன. ஆண்டு முழுவதும் நீர் தேங்கினால் இம்மரங்கள் நலிவுறும். மரம் நலிந்தால் கூடு இல்லை. கரையைப் பலப்படுத்தல், மதகைச் செப்பனிடல், வரத்துக்கால்களைத் தூர்வாரல் முதலிய குடிமராமத்துப் பணிகளுக்கும் உரிய காலம் இதுவே. அடுத்த காரில் நீர் வந்து சேர்வது முதுவேனிலில் நடைபெறும் பணியைப் பொறுத்தது.

சிறுபொழுதும் இயக்கமும்

தொல்காப்பியம் மருதத்திற்கு வைகறையையும் விடியலையும் உரிமை செய்கிறது. கூடு கட்டும் மாதங்களில் வேடந்தாங்கல் மிகவும் இயங்கும் பொழுதுகளுள் ஒன்று விடியல். நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டம் கூட்டமாக வயல்களுக்கும் பிற ஏரிகளுக்கும் புறப்படுகின்றன. நண்பகலில் நிலம் சூடேறி மேலெழும் காற்றைப் பயன்படுத்திக் கூழைக்கடாக்கள் சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்கின்றன. எற்பாட்டிலும் மாலையிலும் பறவைகள் கூடு திரும்புகின்றன. அகப்பாடல்களில் தலைவியின் ஆற்றாமையைப் பெருக்கும் காட்சியாக அடிக்கடி இடம்பெறுவது இதுவே. பிற பறவைகள் அடங்கும் அதே நேரத்தில் வக்கா இரை தேடப் புறப்படுகிறது. யாமத்தில் இதன் குரலை வயல்வெளிகளில் கேட்கலாம். ஒரே மரம் பகலில் ஓர் இனத்துக்கு வெறுங்கூடாகவும் மற்றோர் இனத்துக்கு உறங்குமிடமாகவும் அமைகிறது.

சிறுபொழுதைப் பின்தொடர்வதால் தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. ஏரி பறவைகளின் வீடு. உணவு பெரும்பாலும் ஏரிக்கு வெளியே உள்ளது. 30 ஹெக்டேர் நீர்ப்பரப்பு பல்லாயிரம் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் இரை தர இயலாது. அவற்றுக்கு உணவளிப்பவை சுற்றியுள்ள வயல்களும் ஏரிகளும் ஆகும்.

உழவர் ஆண்டும் பறவை ஆண்டும்

இப்பகுதியின் நெற்பருவங்கள் சம்பா, நவரை, சொர்ணவாரி என மூன்று. சம்பா கூதிர் மழையில் வளர்ந்து தையில் அறுவடையாகும். நவரை முன்பனியில் தொடங்கிப் பின்பனியில் முற்றும். இதற்கு ஏரிநீரே முதன்மை. நாரைக்குஞ்சுகள் மரத்தில் இருக்கும் அதே மாதங்களில் நவரைக்கு மதகு திறக்கப்பட வேண்டும். பறவைகளுக்கு மரத்தடியில் நீர் வேண்டும். உழவர்க்கு வயலில் நீர் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒரே நீரைச் சார்ந்திருப்பதே வேடந்தாங்கலின் நுட்பமான சிக்கல். பறவை நீங்கினால் உரம் நீங்கும். வயல் நீங்கினால் நத்தையும் தவளையும் சிறுமீனும் நீங்கும். ஆதலால் ஒன்றை விலக்கி மற்றொன்றைக் காக்க முடியாது.

ஊரார் பங்கேற்பால் நிலைபெறும் இத்தகைய காப்பு வேடந்தாங்கலுக்கு மட்டும் உரியதன்று. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூட்டிலுள்ள பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். தீபாவளி ஐப்பசியில், அதாவது கூதிரில் வருகிறது. பறவைகள் கூட்டில் அமரும் பொழுதை ஊர் தன் விழாநாளோடு இணைத்து அறிந்திருப்பதற்கு இது சான்று.

தண்டலம் முதல் ஒரகடம் வரை: சிதறி வாழும் காலத்தின் நிலங்கள்

இளவேனிலில் பறவைகள் நாடும் நீர்நிலைகள் சரணாலய அறிவிக்கைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தண்டலத்தை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரி, திருப்பெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி முதலானவை இத்தகைய நில அமைப்பைச் சேர்ந்தவை. செம்பரம்பாக்கம் 24 அடி உயரமும் 3.645 டி.எம்.சி. கொள்ளளவும் உடையது, சென்னைக்குக் குடிநீர் தருவது. பெரிய ஏரி நீர்த்தேக்கமாகக் காக்கப்படுகிறது. அதனைச் சூழ்ந்த சிறிய ஏரிகள், தாங்கல்கள், அவற்றின் ஆயக்கட்டு வயல்கள் ஆகியவற்றின் நிலை வேறு. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, பின்னர் ஒரகடம் வரை விரிந்த தொழில் வளர்ச்சியில் வயல்கள் மனைகளாகவும் ஆலை வளாகங்களாகவும் மாறின. ‘இருங்காடு’ என்பது பெருங்காட்டைக் குறிக்கும். ‘தண்டலம்’ என்பதோடு ஒலியால் நெருங்கும் ‘தண்டலை’ சோலையைக் குறிக்கும் பழஞ்சொல். நிலத்தின் பழைய இயல்பு சில இடங்களில் சொல்லில் மட்டுமே எஞ்சுகிறது.

ஆயக்கட்டு மறைந்த ஏரி வெறும் நீர்த்தேக்கமாக நிற்கிறது. நீர் பாய வயல் இல்லாதபோது மதகைப் பேண எவரும் இல்லை. வரத்துக்கால் அடைபட்டால் கூதிர்மழை ஏரிக்கு வராமல் சாலையில் தேங்குகிறது. தொழில் வழித்தடத்தில் மழைக்காலத்தில் நேரும் வெள்ளமும், கோடையில் பறவைக்கு நீர் இல்லாமையும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

வேடந்தாங்கலின் எல்லை குறித்த விவாதத்தையும் இப்பின்னணியில் காண வேண்டும். 5 கிலோமீட்டர் ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு 2020இல் வெளிப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏரிக்கரையிலிருந்து பார்ப்பவர்க்கு மூன்றாம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வயல் சரணாலயத்தோடு தொடர்பற்றதாகத் தோன்றலாம். விடியலில் புறப்படும் நாரையைப் பின்தொடர்பவர்க்கு அவ்வயலே சரணாலயத்தின் உணவுக்களம்.

முடிவுரை

மருதத்திற்குப் பெரும்பொழுது வரையறுக்கப்படாமையை இலக்கணத்தின் விடுபாடாகக் கொள்ள வேண்டியதில்லை. வேடந்தாங்கல் காட்டுவதுபோல, ஏரியும் வயலும் சார்ந்த நிலம் ஆறு பொழுதுகளிலும் ஆறு வகையாக இயங்குகிறது. நிறைவு எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு இன்றியமையாதது வறட்சியும். ‘ஆறும் உரிய’ என்னும் உரைமரபின் கருத்து இந்நில இயல்போடு முற்றும் பொருந்துகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை எனப் பார்வையாளர்க்காக வகுக்கப்பட்ட ‘பறவைப் பருவம்’ ஆண்டின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது. பெரும்பொழுதுப் பகுப்பு கூடு கட்டும் காலத்தோடு மரம் தழைக்கும் காலத்தையும், பறவைகள் சிதறி வாழும் காலத்தையும், கரை திருத்தும் காலத்தையும் கணக்கில் கொள்கிறது. பாதுகாப்புத் திட்டங்களுக்கு இம்முழு ஆண்டுப் பார்வை தேவை.

தமிழ்த் துறைகள் உடனே மேற்கொள்ள வேண்டிய பணியும் ஒன்று உள்ளது. பறவைகளுக்கு ஊர்தோறும் வழங்கும் பெயர்கள், அவற்றின் வரவை மழையோடும் பயிரோடும் விழாவோடும் இணைத்துக் கூறும் வழக்குகள், ஏரி உறுப்புகளின் பெயர்கள் ஆகியவை உழவை விட்டு ஆலைப்பணிக்குச் சென்ற தலைமுறையின் பெற்றோரிடம் இன்றும் உள்ளன. தண்டலம், ஒரகடம் போன்ற ஊர்களில் இவற்றைத் திரட்டும் களப்பணி தொடங்கப்பெற்றால், உரையாசிரியர்கள் பொதுவென விட்ட மருதத்தின் பொழுதுகளை ஊர்வாரியாகவும் பறவைவாரியாகவும் நிரப்ப இயலும்.